வியாழன் பத்து மணி, பார்ப்ரோ

என் அம்மா பார்ப்ரோ நூர்டின் பிப்ரவரி பதினெட்டாம் தேதி இறந்தாள். வயது அறுபத்தொன்பது. மார்ச் ஆறாம் தேதி திங்கட்கிழமை காலை, அவள் இருந்த குடியிருப்பின் சங்கத் தலைவர் ஸ்டெல்லான் அவள் பெயரைக் குடியிருப்போர் பட்டியலிலிருந்து நீக்கினார். நீக்கிய நொடியில் நாற்பத்திரண்டு வீடுகளின் சலவை நேரங்களும் காணாமல் போயின. கீழே நிலவறையில் சலவை அறைக் கதவு யாருக்கும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அம்மாவின் அடக்கம்.

அந்தக் கதவுக்கு நிரல் எழுதியவள் அம்மாதான். அதனால் அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

சேடர்ஹாம்ன் பக்கம் ஒரு மரஆலை ஊரில் பிறந்தவள். இருபத்தொரு வயதில் யேவ்லேக்கு வந்து நில அளவை அலுவலகத்தில் சேர்ந்தாள். அட்டைகளில் துளையிடும் வேலை. அட்டைகள் ஒழிந்ததும் நிரல் எழுதக் கற்றாள். பிறகு ஓய்வு பெறும்வரை கோபோல் மொழியில், யார் வீட்டு எல்லை எங்கே முடிகிறது என்பதைக் கணினிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதின்மூன்று வயதானபோது அப்பா சுண்ட்ஸ்வாலுக்குப் போனார், இன்னொருத்தியோடு. அம்மா வாசல் கதவில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றி, ஒரு பெயர் மட்டும் உள்ள பலகையை மாட்டினாள். அதைப் பற்றி அவள் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் சுபாவமே அது. கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காததைச் சொல்ல மாட்டாள்.

ஓய்வு பெற்ற மறு வருடம் அந்தச் சண்டை நடந்தது. அப்போது சலவை அறை வாசலில் ஒரு மரப்பலகை இருந்தது. வீட்டுக்கு ஒரு சின்னப் பூட்டு. வேண்டிய நாளும் நேரமும் குறித்த துளையில் அதை மாட்டிவிட்டால் அந்த மூன்று மணி நேரம் நம்முடையது. அரை மணிக்குள் வந்து இயந்திரத்தை ஓட்டாவிட்டால் உரிமை போய்விடும், யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம். அம்மாவின் பூட்டு எப்போதும் வியாழன் பத்து மணியில் தொங்கும். ஒரு வியாழக்கிழமை அவள் கூடையோடு இறங்கிப் போனபோது மூன்றாம் மாடி அன்னேலியின் படுக்கை விரிப்புகள் உள்ளே சுழன்றுகொண்டிருந்தன.

"அரை மணி தாண்டிடுச்சு பார்ப்ரோ. சுவத்துல கடிகாரம் இருக்கு பாரு. பத்து முப்பத்திரெண்டு."

"அந்தக் கடிகாரம் மூணு நிமிஷம் வேகம்."

"அப்போ போய்க் கடிகாரத்துகிட்ட சண்டை போடு. எங்கிட்ட எதுக்கு?"

அன்னேலி ரவுத்தியோ ஃபின்லாந்திலிருந்து வந்தவர். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. அம்மா மேலே வந்து அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள். அன்னேலி அதன் கீழேயே பதில் எழுதினார். மூன்று வாரம் போனது. சீட்டு ஒட்ட கதவில் இடமில்லாமல் போனது. பிறகு அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு ஜாவாஸ்கிரிப்ட் என்ற புது நிரல்மொழியைப் படிக்க ஆரம்பித்தாள். வயது அறுபத்திரண்டு. அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்ய ஒரு ஏணியும் இரண்டு நிமிடமும் போதும். அம்மா எட்டு மாதம் எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக ஒரு ஏபிஐ கட்டினாள்.

ஏபிஐ என்பது ஒரு விசாரணைச் சாளரம் மாதிரி. மனிதர்களுக்கு அல்ல, மற்ற நிரல்களுக்கு. வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த சாவிவில்லையைக் காட்டினால், சலவை அறைக் கதவு அங்கே போய், "இந்தச் சாவிவில்லைக்காரருக்கு இப்போது நேரமா?" என்று கேட்கும். கைபேசியில் உள்ள நாள்காட்டி, "இந்த வாரம் யார் யாருக்கு எப்போது?" என்று கேட்கும். இதற்கு அம்மா எடுத்துக்கொண்டது யாரோ எழுதி எல்லோரும் பயன்படுத்தலாம் என்று விட்டிருந்த ஒரு ஆயத்த நிரல் தொகுப்பு; லைப்ரரி என்பார்கள். அதில் வேலை தொடங்கும் முன் உலகத்தில் என்னென்ன உண்டு என்று அறிவித்துவிட வேண்டும். குடியிருப்பவர் என்று ஒரு வகை. நேரம் என்று ஒரு வகை. முன்பதிவு என்று ஒரு வகை. முன்பதிவுக்கு ஒரு வீட்டு எண் உண்டு, ஒரு நேரம் உண்டு, ஒரு ஆள் உண்டு. எதையாவது கேட்பவர் தனக்கு எது எது வேண்டுமோ அதை மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதிக் கேட்க வேண்டும். எழுதியது மட்டும், எழுதிய அதே வரிசையில் பதிலாக வரும். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

"இது எனக்குப் பிடிச்சிருக்கு," என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். அவளாகவே எனக்கு ஒன்றைச் சொன்னது அபூர்வம் என்பதால் நினைவிருக்கிறது.

அந்த லைப்ரரியில் எந்த விவரத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஆச்சரியக்குறி போடலாம். போட்டால், இது கட்டாயம் இருக்கும், இல்லாமல் போகாது என்று வாக்குக் கொடுத்ததாகப் பொருள். போடாவிட்டால் அங்கே சில சமயம் ஒன்றுமில்லாமலும் வரலாம். அம்மா எல்லாவற்றுக்கும் போட்டாள்.

நானும் இதே தொழில்தான். உப்சாலாவில் ஒரு நிறுவனத்தில் அடுத்தவர் நிரலில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. நான்கு வருடம் முன்பு ஒரு ஈஸ்டர் விடுமுறையில் வந்திருந்தபோது அவள் நிரலைக் காட்டினாள். நான் பார்த்தேன்.

"அம்மா, இந்த ஆள்ங்கற இடத்துல கட்டாயம்னு போடாத. இல்லாமலும் போகலாம்னு விட்டுடு."

"எதுக்கு?"

"யாராவது காலி பண்ணிட்டுப் போனா?"

"'இடம் மாறினார்'னு குறிச்சு வெப்போம். ஆள் பட்டியல்லயேதான் இருப்பாங்க. எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருக்கேன்."

"சரி, செத்துப்போனா?"

"செத்தவங்களுக்குத் துணி துவைக்க நேரம் எதுக்கு?"

"நான் சொல்றது அது இல்ல…"

"யாருமே இல்லாம ஒரு முன்பதிவுன்னா அது என்னது? பேயா வந்து துவைக்கப் போகுது? கட்டாயம்னா கட்டாயம். காபி ஆறுது, குடி."

அந்த வரிக்கு மேலே அவள் ஒரு குறிப்பும் எழுதிவைத்தாள்: "ஆள் இல்லாமல் முன்பதிவு இல்லை. மாற்றக்கூடாது. பா." நான் அதற்குப் பிறகு அவள் நிரலைப் பார்க்கவில்லை. அவளும் காட்டவில்லை.

இப்போது மார்ச் ஆறாம் தேதி. நான் அம்மாவின் வீட்டில் அலமாரியைக் காலிசெய்துகொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. ஸ்டெல்லான். கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். எழுபது வயதிலும் சட்டைக் காலர் மடங்காது.

"டெக்லா, உங்கம்மா மறுபடியும் எல்லாரையும் வெளியே நிறுத்திட்டா."

"அம்மா செத்துட்டாங்க ஸ்டெல்லான்."

"தெரியுமே. அதனாலதானே பேரை எடுத்தேன்."

என்ன செய்தார் என்று விசாரித்தேன். திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. 'இடம் மாறினார்', 'நீக்கு'. ஏழு வருடமாக யார் போனாலும் முதலாவதை அழுத்தித்தான் அவருக்குப் பழக்கம். அம்மாவுக்கு அதை அழுத்த மனம் வரவில்லை.

"இறந்துபோன ஒருத்தியை இடம் மாறினான்னு எப்படிப் போடறது? மரியாதையா இருக்காதேன்னு… அதான் இன்னொண்ணை அழுத்தினேன்."

அந்தப் பொத்தானையும் அம்மாதான் செய்து கொடுத்திருந்தாள்.

நடந்தது இதுதான். அம்மா வருடக் கடைசிவரை எல்லா வியாழனும் முன்பதிவு செய்திருந்தாள். நாள்காட்டி வழக்கம்போல முன்பதிவுகளைக் கேட்டது. நிரல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் வியாழனுக்கு வந்ததும் ஆளைத் தேடியது, ஆள் இல்லை. ஆள் கட்டாயம் என்று வாக்கு இருக்கிறது. ஒன்றுமில்லை என்று அங்கே சொல்ல முடியாது. அப்படியானால் அந்த முன்பதிவே இல்லை என்றாக வேண்டும். பட்டியலில் எல்லா முன்பதிவும் கட்டாயம். அதனால் பட்டியலே இல்லை. பட்டியலும் கட்டாயம், அதனால் பதிலே இல்லை. ஒரே ஒருத்தி இல்லாததால் நாற்பத்திரண்டு வீடும் வெறுமையாகிவிட்டது. லைப்ரரியில் பிழை எதுவும் இல்லை. அம்மா சொன்னதை அது எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது.

நான் நான்கு வருடம் முன்பே சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்கு ஸ்டெல்லான்தான் இருந்தார்.

"சுலபமா ஒண்ணு பண்ணு," என்றார் அவர். "அவ பேர்ல இருக்கிற முன்பதிவு மொத்தத்தையும் அழிச்சுடு. சரியாயிடும் இல்ல?"

"ஆயிடும். ஆனா ஏழு வருஷத்துது இருக்கு."

"அவ எப்பப்போ துணி துவைச்சான்னு இனிமே யாருக்கு வேணும்? அதோட தனிநபர் தகவல் சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"அந்தச் சட்டம் உயிரோட இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்."

"பாத்தியா, அவளை மாதிரியே பேசற." அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "கேளு டெக்லா. அடக்கத்துக்கு முன்னாடி இது சரியாகணும். இல்லேன்னா ஒரு கம்பெனி இருக்கு, பேசிட்டேன். வந்து மொத்தத்தையும் கழட்டிட்டு அவங்களோடதைப் போடுவாங்க. பழசு எதுவும் நிக்காது."

அவர் போனபின் அம்மாவின் மேசையில் உட்கார்ந்து அவள் கணினியைத் திறந்தேன். அழிப்பதற்கு முன் என்ன அழிக்கிறோம் என்று பார்ப்பது என் தொழில் பழக்கம். அன்று காலை வரையிலான நகல் ஒன்றை எடுத்துவைத்து அதில் கேட்டேன்: வீடு பதினான்கு, எல்லா முன்பதிவுகள், தேதி மட்டும்.

வியாழன், வியாழன், வியாழன். ஆறு வருடம் ஒரு வாரம் விடாமல் வியாழன். போன ஏப்ரலிலிருந்து திங்கட்கிழமையும் இருந்தது. ஆகஸ்டிலிருந்து திங்கள், வியாழன், சனி.

ஒற்றை ஆள் வாரத்தில் மூன்று தரம் எதைத் துவைப்பது? படுக்கை விரிப்பு. தூக்கத்தில் உடம்பு வியர்த்து விரிப்பு நனைந்துபோவது அவள் நோயின் முதல் அறிகுறி என்று மருத்துவர் டிசம்பரில் சொன்னார். எப்போதிலிருந்து என்று அவர் கேட்டதற்கு அம்மா ஏப்ரல் என்று சரியாகவே பதில் சொல்லியிருக்கிறாள். நான் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்தேன். எப்படி இருக்கே என்று கேட்டேன். நல்லா இருக்கேன் என்றாள். விரிப்பைப் பற்றி நான் கேட்கவில்லை.

அழிக்க மாட்டேன் என்று அப்போது முடிவு செய்தேன்.

வேறு வழியை எடுக்க மனம் வராமல், செவ்வாய்க்கிழமை காலை அம்மாவை மறுபடியும் பட்டியலில் சேர்த்தேன். நாள்காட்டி உடனே நிரம்பியது. கீழே கதவு திறந்தது. அம்மா வீடு பதினான்கில் மறுபடியும் குடியிருந்தாள். ஒரு நாள் முழுக்க யாரும் எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை சவ அடக்க அலுவலகத்தில் இருந்தேன். பெட்டிக்கு மேல் வைக்கும் பூக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் கைப்பையில் அம்மாவின் கைபேசி அதிர்ந்தது. "பார்ப்ரோ, நாளை 10 மணி முதல் 1 மணி வரை உங்கள் நேரம். முடித்ததும் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யவும்." அந்த வாசகத்தை எழுதியவளும் அவள்தான். வெள்ளை லில்லியா, சிவப்பு ரோஜாவா என்று அலுவலகப் பெண் மறுபடியும் கேட்டாள். எது வேண்டுமானாலும் என்றேன்.

திரும்பி வந்தபோது மாடிப்படியில் ஸ்டெல்லானும் அன்னேலியும் காத்திருந்தார்கள்.

"டெக்லா, ரெண்டு வீட்டுக்காரங்க போன் பண்ணிட்டாங்க," என்றார் ஸ்டெல்லான். "செத்தவ பேர்ல நாளைக்கு நேரம் இருக்காம். பாக்கவே ஒரு மாதிரியா இருக்காம்."

"எனக்கு ஒரு மாதிரியும் இல்ல," என்றார் அன்னேலி. "எனக்கு ரவிக்கை துவைக்கணும். கறுப்பு. உங்கம்மா அடக்கத்துக்குத்தான். திங்கக்கிழமை குளறுபடியில எல்லாரும் இருக்கிற நேரத்தையெல்லாம் அள்ளிட்டாங்க. இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அதையும் அவ பிடிச்சு வெச்சிருக்கா. உயிரோட இருந்தப்பவும் விடல, இப்பவும் விடல."

"கையில துவைக்கலாமே அன்னேலி," என்றார் ஸ்டெல்லான்.

"நீ உன் சட்டையைக் கையில துவைப்பியா? சும்மா இரு."

"நாளைக்குக் காலையில அவங்க பேர் இருக்காது," என்றேன். "முன்பதிவு எதையும் அழிக்க மாட்டேன். கதவும் திறக்கும்."

"மூணும் ஒண்ணா எப்படி?" என்று கேட்டார் ஸ்டெல்லான்.

எப்படி என்பது எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். ஒரே ஒரு ஆச்சரியக்குறியை எடுக்க வேண்டும். மேலே போய் அந்தக் கோப்பைத் திறந்தேன். "ஆள் இல்லாமல் முன்பதிவு இல்லை. மாற்றக்கூடாது. பா." என்ற வரிக்குக் கீழே அந்தக் குறி நின்றது. அதை எடுத்தால் நான் சொன்னது சரி என்றாகிவிடும். என் வாழ்நாளில் அம்மாவிடம் நான் ஜெயிக்கப்போகும் முதல் வாதம் அதுதான். காபி போட்டுக் குடித்தேன். அவளுடைய உலர்ரொட்டி ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது, அதையும் சாப்பிட்டேன்.

அடுத்தவர் நிரலில் கைவைக்கும் முன் அதன் பழைய மாற்றங்களைப் படிக்க வேண்டும். படித்தேன். ஒழுங்காக, தேதிவாரியாக எல்லாம் இருந்தது. ஆனால் முக்கிய நிரலோடு சேர்க்காமல் தனியே கிடந்தது ஒரு கிளை, நிரலின் மாற்றுப் பிரதி. அதன் பெயர் 'டெக்லா'. தேதியைப் பார்த்தேன். நாங்கள் சண்டை போட்ட ஈஸ்டருக்கு மறுநாள். நான் உப்சாலாவுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்திருப்பேன்.

உள்ளே அந்தக் குறி எடுக்கப்பட்டிருந்தது. கதவு என்ன செய்ய வேண்டும், நாள்காட்டி என்ன செய்ய வேண்டும், நினைவூட்டல் யாருக்கும் போகாமல் எப்படி நிறுத்த வேண்டும் என்று எல்லாம் எழுதிச் சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தது. பதினோரு சோதனைகள், பதினொன்றும் தேறியிருந்தன. அதற்கான குறிப்பு இரண்டே வாக்கியம்:

"அவள் சொல்வது சரி. இன்னும் தேவைப்படவில்லை."

அந்த நான்கு வருடத்தில் நாங்கள் இருநூறு தரமாவது தொலைபேசியில் பேசியிருப்போம். அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

கிளையை முக்கிய நிரலோடு சேர்த்தேன். பிறகு ஸ்டெல்லானைக் கூப்பிட்டு, அம்மாவை நீக்கச் சொன்னேன். அவர் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"மறுபடியும் போயிடாதே?"

"போகாது. அழுத்துங்க."

அழுத்தினார். நாள்காட்டி அப்படியே இருந்தது. வியாழன் பத்து மணிக் கட்டத்தில் மட்டும் பெயர் இல்லை. "வீடு 14" என்று இருந்தது. பக்கத்தில் வெறுமை.

"'காலி'ன்னு போட்டுடலாமா?" என்றார் ஸ்டெல்லான்.

"காலி இல்லையே. முன்பதிவு ஆகியிருக்கே."

"யார் பண்ணினது?"

நான் கணினியை மூடினேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. கம்பெனிக்குத் தான் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை கதவு சரியாக இயங்குகிறதா என்று பார்க்க நிலவறைக்குப் போனேன். பத்து மணிக்குச் சற்று முன்பே அன்னேலி அங்கே இருந்தார். பக்கத்தில் கூடை. கூடையில் கறுப்பு ரவிக்கையும், சேர்த்துத் துவைக்க இன்னும் கொஞ்சம் இருட்டு நிறத் துணிகளும். கதவின் விளக்கு சிவப்பாக இருந்தது.

"உங்க சாவிவில்லைக்கு இப்போ திறக்காது," என்றேன். "அரை மணி போகணும். ஆள் வராட்டி பொதுவாயிடும். அந்த விதி அப்படியேதான் இருக்கு."

"தெரியும். அந்த விதியை உங்கம்மாவுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

பழைய பலகை இன்னும் சுவரில் இருந்தது. அதற்கு மேலே கடிகாரம். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். நாளை அடக்கம் முடிந்து பரிமாறும் சாண்ட்விச் கேக்கில் இறால் உண்டா என்று அவர் கேட்டார். உண்டு என்றேன். அம்மாவுக்கு இறால் பிடிக்காதே என்றார். தெரியும், ஆனால் ஸ்டெல்லான் கடையில் முன்பே சொல்லிவைத்துவிட்டார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பது ஆனது. நான் எழுந்தேன். அன்னேலி எழவில்லை.

"அரை மணி ஆச்சு அன்னேலி."

"உக்காரு," என்றார் அவர். "அது மூணு நிமிஷம் வேகம்."

உட்கார்ந்தேன். அவர் கூடையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு கதவையே பார்த்தார். சுவரில் பத்து முப்பத்திமூன்று ஆனபோது விளக்கு பச்சையாக மாறியது.